செலவில்லாமல் கணினியைக் காதால் இயக்கலாம்: என்விடிஏ முதல் பாடங்கள்

பார்வையற்ற ஒருவர் கணினி பயில வேண்டுமென்றால் முதலில் பெரிய தொகை தேவை என்ற எண்ணம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. அலுவலகங்களில் பரவலாகப் புழங்கிய ஜாஸ் என்ற திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள், அமெரிக்காவில் ஆயிரம் டாலரை ஒட்டி விற்கப்பட்டது. கணினியை வாங்கக் கொடுத்த பணத்தைவிட அதைப் பேச வைக்கக் கொடுக்க வேண்டிய பணம் அதிகம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தாமே ஒரு திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். பார்வையற்ற சிறுவர்களுக்கான இசை முகாமில் அவருக்கு நண்பரான ஜேம்ஸ் தே பின்னர் சேர்ந்துகொண்டார், அவரும் பார்வையற்றவரே. அவர்கள் உருவாக்கிய என்விடிஏ இன்று தமிழ் உட்பட 50க்கும் மேற்பட்ட மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் மூலநிரலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

ஆக, பணம் இனி தடை இல்லை. பழக்கம்தான் வேண்டும். அதிலும் முக்கியமான பழக்கம் ஒன்று உண்டு: கணினி சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காமல், நமக்கு வேண்டியதை மட்டும் அதனிடம் கேட்டு வாங்குவது. இந்த விளக்கம் முழுவதும் அதைச் சுற்றியே போகும்.

தேவையானவை: விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினி, இணைய இணைப்பு, ஒரு சாதாரண ஹெட்போன். பழைய மடிக்கணினியே போதும். விசைப்பலகையில் எஃப், ஜே விசைகளின் மேலுள்ள சிறு மேடுகளைத் தொட்டு, அங்கிருந்து மற்ற எழுத்துகளைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம், மூன்றாம் படியில் அதற்கு வழி இருக்கிறது.

படி 1: யார் துணையும் இல்லாமல் நிறுவுவது

விண்டோஸுடனேயே நரேட்டர் என்ற திரைவாசிப்பான் வருகிறது. விண்டோஸ் விசை, கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்; பேசத் தொடங்கும். அதன் துணையுடன் உலாவியைத் திறந்து, என்விடிஏவை வெளியிடும் என்வி அக்சஸ் நிறுவனத்தின் தளத்தைத் தேடி, அதைப் பதிவிறக்குங்கள். வேறு ஏதோ தளத்தில் கிடைக்கும் பிரதியை எடுக்காதீர்கள். நன்கொடை கேட்கும் பக்கம் வரலாம். கொடுக்க இயலாவிட்டால் அதைத் தாண்டிச் செல்லலாம்.

பதிவிறக்கிய கோப்பைத் திறந்ததும் சிறிய இசை ஒன்று ஒலிக்கும். அதன் பிறகு என்விடிஏவே பேசும். நிறுவி முடிக்கும் முன்பே பேசுகிறது என்பது இதன் பெரிய அழகு. இப்போது நரேட்டரை அதே மூன்று விசைகளால் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு குரல்களும் ஒரே நேரத்தில் பேசிக் குழப்பும். டேப் விசையால் நகர்ந்து, உரிம ஒப்புதல் பெட்டியில் ஸ்பேஸ் தட்டி, 'இன்ஸ்டால்' பொத்தானுக்குப் போய் என்டர் அழுத்துங்கள். விண்டோஸ் அனுமதி கேட்டால் ஆல்ட், ஒய்.

நிறுவியதும் ஒரு வரவேற்புப் பெட்டி வரும். அவசரமாக மூடிவிடாதீர்கள். அதில் கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையாகப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி இருக்கும். மடிக்கணினி என்றால் கட்டாயம் தேர்ந்தெடுங்கள். இன்செர்ட் விசைதான் வழக்கமான என்விடிஏ விசை. ஆனால் பல மடிக்கணினிகளில் அது ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறது. கேப்ஸ் லாக் உங்கள் இடது சுண்டுவிரலின் அருகிலேயே இருக்கிறது. அதன் பழைய வேலை தேவைப்பட்டால் விரைவாக இருமுறை தட்டினால் போதும். விண்டோஸில் நுழைந்ததும் தானாகவே தொடங்கவும் இதே பெட்டியில் சொல்லிவிடலாம். எப்போதாவது பேச்சு நின்றுபோனால் கண்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். என்விடிஏ மீண்டும் வரும்.

படி 2: முதலில் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்

பெரும்பாலான பயிற்சிகள் கணினியைப் பேச வைப்பதிலிருந்து தொடங்குகின்றன. நான் நிறுத்துவதிலிருந்து தொடங்கச் சொல்வேன். புதிதாக வருபவர் மிரள்வது தொடர்ந்து கொட்டும் பேச்சைக் கண்டுதான். அதை அடக்கும் விசை கையில் இருந்தால் மிரட்சி பாதி தீர்ந்துவிடும்.

கண்ட்ரோல் விசையைத் தனியாகத் தட்டுங்கள்: பேச்சு உடனே நிற்கும். ஷிஃப்ட் தட்டினால் இடைநிறுத்தம். மறுபடி தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு வாக்கியத்தின் முதல் இரண்டு சொற்களிலேயே 'இது எனக்கு வேண்டாம்' என்று தெரிந்துவிட்டால் கண்ட்ரோல் தட்டிவிட்டு நகருங்கள். முழுவதும் கேட்டே ஆக வேண்டும் என்ற மரியாதை இயந்திரத்துக்குத் தேவையில்லை.

படி 3: தவறு நேராத பயிற்சிக் களம்

என்விடிஏ விசையுடன் 1 என்ற எண்ணை அழுத்துங்கள். இப்போது எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரைச் சொல்லும், அது என்விடிஏ கட்டளை என்றால் அதன் வேலையையும் சொல்லும், ஆனால் எதையும் செய்யாது. கோப்பு அழிந்துவிடுமோ, ஏதாவது கெட்டுப்போகுமோ என்ற பயமில்லாமல் பலகை முழுவதையும் தடவிப் பார்க்கலாம். வெளியேற மறுபடியும் அதே இரண்டு விசைகள். விசையிடங்கள் தெரியாதவர்கள் முதல் வாரம் முழுவதும் இங்கேயே இருந்தாலும் நல்லதுதான்.

படி 4: தமிழ்க் குரல்

இதைப் பலர் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறார்கள். முதல் நாளே செய்யுங்கள். தாய்மொழியில் ஒரு பத்தியைக் கேட்ட பிறகுதான் கணினி தமக்கும் உரியது என்ற நம்பிக்கை பலருக்கு வருகிறது.

விண்டோஸ் விசையுடன் ஐ அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். அங்கே நேரம், மொழி சார்ந்த பகுதிக்குப் போய், மொழிகளின் பட்டியலில் தமிழைச் சேர்க்கவும். சேர்க்கும்போது பேச்சு வசதிக்கான பெட்டியும் தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் தந்திருக்கும் தமிழ்க் குரலின் பெயர் வள்ளுவர். அதே வழியில் இந்திய ஆங்கிலத்தையும் சேர்த்தால் ஹீரா, ரவி ஆகிய குரல்கள் கிடைக்கும். நம் காதுக்குப் பழகிய உச்சரிப்பு என்பதால் அவற்றையும் வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு என்விடிஏ விசை, கண்ட்ரோல், எஸ் அழுத்தி, பேச்சுப்பொறியாக (எழுத்தைக் குரலாக்கும் நிரல்) 'விண்டோஸ் ஒன்கோர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். என்விடிஏ விசை, கண்ட்ரோல், வி அழுத்தினால் குரல் அமைப்பு வரும். அங்கே வள்ளுவரைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு முறையும் இந்தப் பெட்டிக்குள் போக வேண்டியதில்லை. என்விடிஏ, கண்ட்ரோல் இரண்டையும் பிடித்துக்கொண்டு இடது வலது அம்புகளைத் தட்டினால் குரல், வேகம், ஒலியளவு என்று ஒவ்வொன்றாக வரும். மேல் கீழ் அம்புகளால் மாற்றலாம். என்விடிஏவின் விசைப்பலகை அமைப்பு 'மடிக்கணினி' என்று இருந்தால் இவற்றுடன் ஷிஃப்டும் சேர வேண்டும்.

என்விடிஏவுடனேயே இஸ்பீக் என்ற இன்னொரு பேச்சுப்பொறியும் வருகிறது. அதிலும் தமிழ் உண்டு. இயந்திரத்தனமான குரல், முதலில் பலருக்கும் பிடிக்காது. ஆனால் விசையைத் தொட்ட மாத்திரத்தில் பதில் சொல்லும், மிக வேகமாகப் பேசினாலும் சொற்கள் உடையாது. நாள்பட்ட பயனர்கள் பலர் அதையே விரும்புவதற்குக் காரணம் இதுதான். வேகத்தை ஒரே நாளில் ஏற்றாதீர்கள். கேட்பது எளிதாகிவிட்டது என்று தோன்றும்போது சிறிது கூட்டுங்கள், அவ்வளவே. என்விடிஏ, கண்ட்ரோல், சி அழுத்தினால் செய்த மாற்றங்கள் சேமிக்கப்படும்.

படி 5: பக்கத்தைத் தாவித் தாவிப் படிப்பது

பார்வையுள்ளவர் நாளிதழை விரித்ததும் முதல் எழுத்திலிருந்து படிப்பதில்லை. தலைப்புகளின் மேல் கண்ணை ஓட்டி, வேண்டிய செய்தியில் நிறுத்துகிறார். காதாலும் அதையே செய்யலாம். திரைவாசிப்பானின் முழுப் பலனும் இந்தப் படியில்தான் இருக்கிறது, ஆகவே இங்கே நிதானமாகப் பழகுங்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவில் தஞ்சைப் பெருவுடையார் கோயில் பற்றிய கட்டுரையைத் திறந்துகொள்ளுங்கள். எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குப் போகும். ஷிஃப்டுடன் எச் என்றால் முந்தைய தலைப்பு. 2 என்ற எண்ணைத் தட்டினால் இரண்டாம் நிலைத் தலைப்புகளில் மட்டும் நிற்கும். கட்டுரையின் பெரும் பகுதிகள் எவை என்று சில நொடிகளில் தெரிந்துவிடும். விரும்பிய பகுதி வந்ததும் கீழ் அம்பால் வரிவரியாகப் படியுங்கள். தொடர்ந்து படிக்க என்விடிஏ விசையுடன் கீழ் அம்பு. மடிக்கணினி அமைப்பில் என்விடிஏவுடன் ஏ.

இதே போலக் கே இணைப்புகளுக்கு, பி (B) பொத்தான்களுக்கு, டி (ஆங்கிலத்தின் இருபதாம் எழுத்தான T) அட்டவணைகளுக்கு, இ தட்டச்சுப் பெட்டிகளுக்கு. என்விடிஏவுடன் எஃப்7 அழுத்தினால் பக்கத்திலுள்ள இணைப்புகளோ தலைப்புகளோ ஒரே பட்டியலாக வரும்.

ஒரு சிக்கல் எல்லோருக்கும் வரும். பெயர் எழுதும் பெட்டியில் எச் என்று தட்டச்சு செய்தால் எழுத்து விழ வேண்டுமா, தலைப்புக்குத் தாவ வேண்டுமா? இதற்காக என்விடிஏ இரண்டு நிலைகளை வைத்திருக்கிறது. பெட்டிக்குள் என்டர் தட்டினால் தட்டச்சு நிலைக்கு மாறும். எஸ்கேப் தட்டினால் படிக்கும் நிலைக்குத் திரும்பும். மாறும்போது ஒரு சிறு ஒலி கேட்கும், இரண்டுக்கும் வெவ்வேறு ஒலி. படிவம் நிரப்பும்போது விசைகள் ஏதேதோ செய்கின்றன என்று தோன்றினால், என்விடிஏவுடன் ஸ்பேஸ் தட்டி நிலையை மாற்றிப் பாருங்கள்.

படி 6: தமிழில் எழுதுவது

விண்டோஸில் தமிழ்99 விசைப்பலகை உள்ளடங்கியே வருகிறது. மொழி அமைப்பில் அதைச் சேர்த்துவிட்டு, விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் தட்டி மாற்றிக்கொள்ளலாம். ஒலிபெயர்ப்பு முறையைவிட இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். மேடுள்ள எஃப் விசையில் புள்ளி, மேடுள்ள ஜே விசையில் ப. இரண்டு ஆள்காட்டி விரல்களும் இருக்குமிடம் தெரிந்துவிட்டால் மற்றவை தாமாக வரும். நகரம், னகரம் இரண்டையும் குரலில் பிரித்தறிவது கடினம். ஆனால் விரலுக்கு அவை வெவ்வேறு இடங்கள், அதனால் எழுத்துப்பிழையும் குறையும். தட்டிய எழுத்தைச் சொல்ல வேண்டுமா என்பதை என்விடிஏவுடன் 2 என்ற எண்ணாலும், தட்டிய சொல்லைச் சொல்ல வேண்டுமா என்பதை 3 என்ற எண்ணாலும் மாற்றலாம்.

படிக்க மறுக்கும் தமிழ்

சில தமிழ்க் கோப்புகளைத் திறந்தால் என்விடிஏ பொருளற்ற ஆங்கில எழுத்துகளைக் கொட்டும். கோளாறு உங்கள் கணினியில் இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. 'தமிழ்' என்று பாமினியில் எழுதியிருந்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. கண்ணுக்குத் தமிழ், காதுக்குக் குப்பை. ஒருங்குறியில் (யூனிகோடு) எழுதியவை மட்டுமே தமிழாக ஒலிக்கும். 2010இலேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டும் பழைய எழுத்துருவில் அறிவிப்புகள் வருவதைக் காணும்போது கோபம் வருகிறது. வேலைவாய்ப்பு அறிவிப்பைத் தானாகப் படிக்க முடியாமல் ஒருவர் இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கிறது.

வேர்டு கோப்பு என்றால் இணையத்திலுள்ள எழுத்துரு மாற்றிகளில் ஒட்டி ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம். பிடிஎஃப், வருடப்பட்ட (ஸ்கேன் செய்த) படம் ஆகியவற்றைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் அதிலுள்ள எழுத்துகளை உரையாக எடுத்துத் தரும். அச்சு தெளிவாக இருந்தால் தமிழும் நன்றாகவே வரும். ஆங்கிலப் படங்களுக்கு என்விடிஏவுடன் ஆர் அழுத்தினாலே போதும்.

ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கு

கண்ணையும் காதையும் சேர்த்தே பயன்படுத்துங்கள். விண்டோஸ் விசையுடன் கூட்டல் குறி அழுத்தினால் திரை பெரிதாகும், கழித்தலால் சிறிதாகும், எஸ்கேப்பால் நிற்கும். உருப்பெருக்கி இயங்கும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஐ சேர்த்தால் நிறங்கள் தலைகீழாகும். வெள்ளைத் திரையின் கூச்சம் தாங்காதவர்களுக்கு இது பெரிய நிம்மதி. நீண்ட பத்திகளை என்விடிஏவிடம் விட்டுவிட்டுக் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கலாம்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இதே வேலையை டாக்பேக் செய்கிறது. பல கைப்பேசிகளில் ஒலியளவு விசைகள் இரண்டையும் மூன்று நொடி பிடித்தால் தொடங்கும். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இருமுறை தட்டினால் திறக்கும்.

பழகியபின் படிக்க

மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் இலக்கியங்களை மின்னுரையாகத் தந்துவருகிறது. ஒருங்குறிப் பக்கங்களாக உள்ளவற்றைத் திரைவாசிப்பானில் அப்படியே படிக்கலாம். பாடநூல்களும் இன்றைய நூல்களும் வேண்டுமென்றால் 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் உறுப்பினராகுங்கள். அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கென்றே அமைந்தது அது. தேவையான நூல் அங்கே இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது: 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்தில் ஒரு நூலைப் பிரதியெடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அச்சு நூலை வருடி, மேலே சொன்னபடி உரையாக்கி, எச் விசையால் அத்தியாயங்களுக்குத் தாவும்படி தலைப்புகளைக் குறித்துவைத்தால் அது உங்கள் பிரதி.