கைக்கு வந்த பணமும் கொடுத்த வாக்கும்: நகைச்சுவைத் திரைக்கதை எழுதுவோருக்கு

எதிர்பாராமல் பணம் வந்து சேரும் கதையை நகைச்சுவைப் படமாக எழுத உட்காருபவர்களில் பலர், எத்தனை லட்சம் என்பதைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள். தொகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தால் நாயகன் யாருக்கு, எதற்காகக் கடமைப்பட்டிருக்கிறான் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி முடித்த பிறகே முதல் காட்சியைத் தொடங்குங்கள். கொடுத்த வாக்கு மிகச் சிறியதாகவும் வந்த பணம் மிகப் பெரியதாகவும் இருந்தால், சிரிப்பும் தவிப்பும் சேர்ந்தே வரும்.

2021-இல் கேரளத்தின் ஆலுவா பகுதியில் நடந்ததைப் பாருங்கள். லாட்டரிச் சீட்டு விற்கும் பெண்ணிடம் சில சீட்டுகள் விற்காமல் தங்கிவிட, வழக்கமாக வாங்கும் ஒருவர் தொலைபேசியிலேயே ஒரு சீட்டைத் தமக்கென எடுத்துவைக்கச் சொல்லி, அதன் விலையான 200 ரூபாயைப் பிறகு தருவதாகக் கூறினார். அந்தச் சீட்டுக்கு 6 கோடி ரூபாய் பரிசு விழுந்தது. சீட்டும் கையில் இருந்தது, விலையும் வந்து சேரவில்லை. இருந்தும் அந்தப் பெண் அதை உரியவரின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். இதைக் காட்சியாக்கினால், 6 கோடிக்கான சீட்டு இந்தக் கையிலிருந்து போக, 200 ரூபாய் அந்தக் கையிலிருந்து வருகிற அந்த ஒரு கணத்தில் வசனமே தேவைப்படாது. லாட்டரியை வைத்து எழுதுபவர்கள் களத்தில் கவனமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருப்பதால், இன்று நடக்கும் கதை என்றால் நாயகன் எல்லை தாண்டிப் போய்த்தான் சீட்டு வாங்கியாக வேண்டும்.

கண்டெடுத்த பணம் என்றால் சட்டமே உங்களுக்குத் திரைக்கதை சொல்லித் தருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவின்படி, உரியவர் யாரென்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழியிருந்தும், கண்டெடுத்ததை எடுத்துக்கொள்வது குற்றம். அதற்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. யாருடையது என்று தெரியாமல் சாலையில் கிடக்கும் ஒரு ரூபாயை எடுப்பவர் குற்றவாளி ஆகமாட்டார் என்றும், கடிதத்துக்குள் இருக்கும் பணத்தை, அக்கடிதத்தின் மூலம் உரியவரை அறிந்த பின்னும் எடுத்துக்கொள்பவர் குற்றவாளி என்றும் அந்தப் பிரிவின் உதாரணங்கள் கூறுகின்றன. ஆகவே பையில் பணத்தை மட்டும் வைக்காதீர்கள். உரியவரைக் காட்டிக்கொடுக்கும் ஒரு பொருளையும் வையுங்கள்.

ஆட்டோவின் பின்னிருக்கையில் கிடக்கும் மஞ்சள் பையில் மூன்று லட்சமும், ஓரத்தில் மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்திரிகை முகவரியைத் தருகிறது, முகூர்த்த நாள் கெடுவாகிறது. இங்கே என் உறுதியான கருத்து ஒன்று உண்டு: பணத்தை வைத்துக்கொள்வதைவிடத் திருப்பிக் கொடுப்பது கடினமாக இருக்கும்படி கதையை அமைக்க வேண்டும். பணத்தைத் தொலைத்த பெண்ணின் தகப்பனார், சம்பந்தி வீட்டாருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று அஞ்சி, எதுவுமே தொலையவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சாதிக்கிறார். பையோடு மண்டபத்துக்கு வந்த ஓட்டுநரைப் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்காரர் என்றும் எண்ணிப் பந்தியில் உட்கார வைக்கிறார்கள். பையை மடியில் இறுக்கிக்கொண்டு இடக்கையால் இலைக்குத் தண்ணீர் தெளிப்பவரிடம், மொய் எழுதுபவர் வந்து பெயரைக் கேட்கிறார். அன்றைய சவாரிக் காசிலிருந்து அவர் 101 ரூபாய் எழுதுகிறார்.

வில்லன் தேவையில்லை. பள்ளிக் கட்டணத்துக்குக் காத்திருக்கும் மனைவியின் நியாயமே போதிய எதிர்ப்பு. அவரைப் பேராசைக்காரியாக எழுதிக் கெடுத்துவிடாதீர்கள்.

முடிவில் தகப்பனார் பையிலிருந்து ஒரு நோட்டுக் கட்டை எடுத்து ஓட்டுநருக்கு நீட்டும் காட்சியைத் தவிர்த்துவிடுங்கள், அது அவருடைய செயலுக்கு விலை போடுவதாகும். சில மாதங்கள் கழித்து, ஓட்டுநரின் வீட்டு விசேஷத்துக்குத் தகப்பனார் தாமே வந்து, மொய் நோட்டில் 101 என்று எழுதட்டும்.