வார்டு போஸ்டிங்கில் நாம் செய்யும் தவறுகள்: கையுறை, ஹேண்ட் ரப், ஊசி

கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்கள் எவை என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் மருத்துவ மாணவர்கள் யாரும் தடுமாற மாட்டோம். அதே நாள் காலையில் ஒரே நோயாளியின் கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர் நின்று, ஒருவர் பின் ஒருவராகக் கல்லீரல் கைக்குத் தட்டுப்படுகிறதா என்று அவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, கட்டில் காலில் மாட்டியிருக்கும் ஹேண்ட் ரப்பை (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவத்தை) தொடாமலேயே அடுத்த கட்டிலுக்கு நகர்ந்திருப்போம். நானும் அப்படித்தான் நகர்ந்திருக்கிறேன்.

அந்த ஐந்தில் அதிகம் மறந்துபோவது கடைசித் தருணம், அதாவது நோயாளியைச் சுற்றியிருக்கும் பொருட்களைத் தொட்ட பின். 'நான் நோயாளியைத் தொடவே இல்லையே' என்பார்கள். சரி, கட்டில் கம்பி, டிரிப் ஸ்டாண்ட், பிபி கஃப்? நோயாளியைச் சுற்றியிருக்கும் இவற்றைத் தொட்டாலும் கையைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு கையுறையில் நடக்கிறது. ரத்தம் எடுக்க மாட்டிய கையுறையோடு பேனாவை எடுத்து, போனைப் பார்த்து, அப்படியே பக்கத்துக் கட்டிலுக்கும் போய்விடுகிறோம். நம் தோலில் எதுவும் படவில்லை, ஆனால் அடுத்த நோயாளிக்கு அது அழுக்குக் கைதான். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டதும் இதுதான்: பிணப் பரிசோதனை முடித்து நேராகப் பிரசவ வார்டுக்கு வந்த மருத்துவர்கள், மாணவர்களின் கைகள் வழியாகவே தாய்மார்களுக்கு ஜன்னி காய்ச்சல் போனது. குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்ன பிறகு சாவு வெகுவாகக் குறைந்தது. அதனால் ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடிதான், கழற்றியதும் கையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழற்றும்போதும் ஒட்டிக்கொள்ளும்.

ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பு என்றால் மொத்தம் 40 முதல் 60 விநாடி. கட்டைவிரலும் விரல் நுனிகளும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். கையில் அழுக்கு தெரிந்தாலோ, நோயாளிக்கு கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியால் வயிற்றுப்போக்கு இருந்தாலோ சோப்பும் தண்ணீரும்தான், ஏனென்றால் அந்தக் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது.

அப்புறம் ஊசி. ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி மருத்துவராக) இருந்தபோது ஒரு நைட் டியூட்டியில், அரைத் தூக்கத்தில் ஊசிக்கு மூடி போடப்போய் இடது ஆள்காட்டி விரலில் குத்திக்கொண்டேன். பதறிப்போய் விரலைப் பிதுக்கி, ஸ்பிரிட்டை ஊற்றினேன், இரண்டுமே தவறு. சிஸ்டர்தான் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயடியில் நிறுத்தி, சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, அப்போதே டியூட்டி டாக்டரிடம் சொல்ல வைத்தார். எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரத்துக்கு மேல் தள்ளவே கூடாது, தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். திட்டு விழுமோ என்று மறைத்தால் அந்த நேரம்தான் வீணாகும். மூடி போடாதீர்கள், ஊசி நேராகக் குத்திக் கிழியாத வெள்ளை டப்பாவுக்குப் போகட்டும்.

தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி என்றால், ஒரு குத்தலில் எச்ஐவி தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3%. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ 30% வரை போகலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸும் போட்டு, கடைசி டோஸுக்குப் பின் 1 முதல் 2 மாதத்தில் டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு) 10 mIU/mLக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டாவதோடு நிறுத்தியிருந்தால் மூன்றாவதை இந்த வாரமே போட்டுக்கொள்ளுங்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.