கண் படம் எடுக்கும் முன் கிளினிக் புத்தகத்தை எப்படிப் படிப்பது

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது, எதிர்ல வர்ற பஸ் நம்பரக் கூட படிச்சிருவேன், எதுக்கு அங்க போய் அரை நாள் உக்காரணும்?" போன வருடம் கண் படம் எடுக்கக் கிளினிக்குக்குக் கூப்பிட்டபோது அப்பா இப்படித்தான் கேட்டார். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட்டில் முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) வந்து பதினாலு வருடம் ஆகிறது. ஒருவழியாக இழுத்துக்கொண்டு போய்ப் படம் எடுத்தால் இரண்டு கண்ணிலும் விழித்திரையில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், இடது கண்ணில் மஞ்சளாக நாலைந்து பொட்டு. திரும்பி வரும் வழியிலும் பஸ் நம்பரைப் படித்துக்கொண்டுதான் வந்தார்.

சர்க்கரையால் விழித்திரை கெடும் இந்த நோயின் குணமே இதுதான். விழித்திரையின் நடுப்பகுதி வீங்கும்வரை, இல்லை கண்ணுக்குள் ரத்தம் கொட்டும்வரை, பார்வை எதையும் காட்டிக் கொடுக்காது. ஆனால் கிளினிக்கில் கொடுத்திருக்கும் புத்தகம் பல வருடத்துக்கு முன்பே சொல்லிவிடும், நாம்தான் அதைப் பையிலிருந்து கவுண்டருக்கும் கவுண்டரிலிருந்து பைக்கும் மாற்றிக்கொண்டிருக்கிறோம். அதைத்தான் எப்படிப் படிப்பது என்று சொல்லப் போகிறேன். நான் டாக்டர் இல்லை, அப்பாவோடு அந்த நாற்காலிகளில் நிறைய நேரம் உட்கார்ந்தவன், அவ்வளவுதான்.

முதலில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போடுங்கள்: மூன்று மாதச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, சிறுநீரகம். போன மூன்று நான்கு வருட எண்களைத் தேதியோடு அதில் எழுதுங்கள். நர்ஸ் கையெழுத்து புரியாவிட்டால் கேட்டுவிடுங்கள், யாரும் கடிக்க மாட்டார்கள். ஒரு எண்ணைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வரிசையாகப் பார்க்கும்போதுதான் எந்தப் பக்கம் போகிறது என்று புரியும்.

விரலில் குத்திப் பார்க்கும் எண்ணை அந்தக் கட்டத்தில் எழுத வேண்டாம். கிளினிக் போகும் நாளுக்கு முந்தின இரண்டு நாள் அப்பா சோற்றைக் குறைத்துவிடுவார், தே தாரேக்கும் (டின் பால் டீ) கிடையாது, குத்திப் பார்த்தால் 6.4 மில்லிமோல், மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) நல்ல பெயர். அதே நாள் எடுத்த ஏ1சி, அதாவது அந்த மூன்று மாதச் சர்க்கரை, 9.1 விழுக்காடு. இரண்டு மூன்று மாதச் சராசரியை இரண்டு நாள் பத்தியம் ஏமாற்ற முடியாது. பெரும்பாலோருக்கு டாக்டர்கள் 6.5 முதல் 7 வரை வைக்கச் சொல்வார்கள், வயதானவர்கள், சர்க்கரை அடிக்கடி இறங்கி மயக்கம் வருபவர்கள் என்றால் கொஞ்சம் தளர்த்துவார்கள். உங்கள் எண் எது என்று கேட்டு அந்தப் பக்கத்திலேயே வட்டம் போட்டு வையுங்கள். ஒரு விஷயம்: உடம்பில் ரத்தம் குறைவு, தலசீமியா இருந்தால் ஏ1சி தப்பாகக் காட்டலாம். அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

சர்க்கரை கண்ணை எப்படிக் கெடுக்கிறது என்று அப்பாவுக்கு விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. விழித்திரையில் மயிரிழை மாதிரி ரத்தக் குழாய்கள் இருக்கின்றன, வருடக்கணக்காகச் சர்க்கரை கூடி நின்றால் அதன் சுவர் பலமிழந்து பொத்துக்கொண்டு கசியும், சில இடம் அடைத்துப் போகும், அடைத்த இடத்துக்கு ரத்தம் போகாததால் கண் அவசரத்தில் புதுக் குழாய்களை வளர்க்கும், அவை பலமில்லாத சாதி, சும்மாவே உடையும் என்றேன். அவர் கேட்டுவிட்டு, "கத்தி ஆழமா எறங்குன மாதிரி" என்றார். பால் வெட்டும்போது கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் பட்டுவிட்டால் அன்றைக்கு மரம் ஒன்றும் காட்டாதாம், பாலும் வழக்கம்போல வருமாம், பிறகு அந்த இடத்தில் புதுப் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும்போதுதான் கங்காணியிடம் ஏச்சு விழுமாம். நான் படித்ததில் இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

சரி, இரண்டாவது கட்டம். பலர் இதைக் கண்ணோடு சேர்த்து நினைப்பதே இல்லை. பொத்துப்போன குழாயில் அழுத்தமும் கூடினால் என்ன ஆகும்? பிரிட்டனில் 1977-இல் தொடங்கி 1998-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வு ஒன்று உண்டு, யுகேபிடிஎஸ் என்பார்கள். அதில் ஒரு கூட்டத்துக்குக் கொதிப்பைச் சராசரி 144/82-க்கும், இன்னொரு கூட்டத்துக்கு 154/87-க்கும் வைத்தார்கள். வித்தியாசம் பத்துதான். ஆனால் நன்றாகக் குறைத்தவர்களுக்குக் கண் நோய் முற்றுவது 34 விழுக்காடு குறைந்தது. பிறகு 2008-இல் தொடர்ச்சியைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. ஆரம்பத்திலேயே சர்க்கரையைப் பிடித்தவர்களுக்கு அந்தப் பலன் பத்து வருடம் கழித்தும் நின்றது, கொதிப்பில் வந்த பலனோ இரண்டு கூட்டத்துக்கும் அளவு ஒன்றானதும் போய்விட்டது. அதனால் "இப்ப நார்மல் லா, மாத்திரைய நிறுத்திட்டேன்" என்று சொல்கிற மாமாக்கள் கவனிக்க.

வீட்டில் பார்ப்பதாக இருந்தால் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்காருங்கள், இரண்டு காலும் தரையில், கை மேசை மேல் நெஞ்சு உயரத்தில். கோப்பி குடித்த கையோடோ சிகரெட் பிடித்துவிட்டோ பார்க்காதீர்கள், பார்க்கும்போது பேசவும் கூடாது. இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். 130/80-ஐ ஒட்டி வைக்கச் சொல்வது வழக்கம், உங்களுக்கு எவ்வளவு என்பதை இதிலும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கொழுப்பு. அப்பாவின் கண்ணில் இருந்த மஞ்சள் பொட்டுகள் வேறொன்றுமில்லை, கசிந்த குழாயிலிருந்து வெளியே வந்து தங்கிவிட்ட கொழுப்பு. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 2.6 மில்லிமோலுக்குக் கீழே, இதய நோயும் இருந்தால் இன்னும் கீழே, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு 1.7-க்குக் கீழே என்று பார்ப்பார்கள். ஃபெனோஃபைப்ரேட் என்று ஒரு பழைய கொழுப்பு மாத்திரை இருக்கிறது. ஏற்கெனவே கண்ணில் மாற்றம் உள்ளவர்களுக்கு அது நோயைத் தாமதப்படுத்துவதாக 2010-இல் வந்த அக்கார்ட் கண் ஆய்வு காட்டியது. எல்லாருக்கும் ஏற்ற மருந்து இல்லை, சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். "எனக்குப் பொருந்துமா?" என்று கேட்கலாம், பார்மசியில் போய் நீங்களாக வாங்காதீர்கள்.

சிறுநீரகக் கட்டத்தைச் சின்னதாக முடித்துவிடுகிறேன்: சிறுநீரில் புரதம் கசிகிறது என்று எழுதியிருந்தால் கண்ணிலும் கசிவு இருக்க நிறைய வாய்ப்பு, இரண்டும் ஒரே மாதிரி நுண்ணிய குழாய்கள். வருடம் ஒரு தடவையாவது அந்தச் சோதனை நடந்திருக்கிறதா பாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நான் பாடம் எடுக்கவில்லை, நம்மாட்களுக்கு அது காது புளித்துப்போன விஷயம். ஒன்றே ஒன்று. மாமாக் கடை (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரேக்கில் இரண்டு பெரிய கரண்டி டின் பால் விழுந்தாலே ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்கு மூன்று கிளாஸ் என்றால் நீங்களே கணக்குப் போடுங்கள். "குராங் மானிஸ்" (இனிப்புக் குறைவாக) என்று சொல்லிப் பார்த்தோம், கடைத் தம்பி கை பழக்கத்தில் அதே அளவுதான் ஊற்றினான். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங்குக்கு அப்பா மாற மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், இப்போது டின் பால் போட்டால் திகட்டுகிறதாம். அப்புறம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் மூட்டு வலி மாத்திரை. சில பதிவில்லாத மாத்திரைகளில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்திருக்கிறது, அது சர்க்கரையையும் கொதிப்பையும் ஒன்றாக ஏற்றிவிடும். பெட்டியில் எம்ஏஎல் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

இனி, யாரும் சொல்லித் தராத இடம். பல வருடம் உயரத்தில் இருந்த சர்க்கரையைத் திடீரென்று வேகமாக இறக்கினால், கண்ணில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்களுக்கு முதல் சில மாதம் அது மோசமாகலாம். இன்சுலின் தொடங்கும்போது நடந்திருக்கிறது, இப்போது எல்லாரும் பேசும் செமாகுளுடைடு என்ற சர்க்கரை ஊசியின் ஆய்விலும் 2016-இல் இதைப் பார்த்தார்கள். இதைக் கேட்டு ஊசியே வேண்டாம் என்று ஓடக் கூடாது, நீண்ட காலத்தில் சர்க்கரை இறங்குவதுதான் கண்ணுக்குப் பாதுகாப்பு. மருந்தைத் தொடங்கும் முன் கண் படம் எடுத்துவிடுங்கள், பிறகு எப்போது மறுபடி எடுப்பது என்று கேளுங்கள். இனிப்பு நீர் உள்ள பெண்கள் பிள்ளை பெறத் திட்டமிட்டாலும் இதே கதைதான், கர்ப்ப காலத்தில் கண் நோய் வேகமாக முற்றலாம்.

படம் எடுக்கும் நாளைக்குக் கறுப்புக் கண்ணாடி, ஒரு தொப்பி, கூட ஒரு ஆள். சில நேரம் சொட்டு மருந்து இல்லாமலே எடுத்துவிடுவார்கள். சொட்டு விட்டால் கண் பாப்பா பெரிதாகி நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாது, மோட்டார் ஓட்டவே கூடாது. மோவாயைத் தாங்கியில் வைத்து நெற்றியை ஒட்டினால் உள்ளே ஒரு சின்ன விளக்கு தெரியும், அதையே பார்க்கச் சொல்வார்கள், பளிச்சென்று ஒரு மின்னல், முடிந்தது. வெளியே வந்தபோது மத்தியான வெயில், எதிர்க்கடைத் தகரக் கூரையைப் பார்த்துவிட்டு அப்பா கையால் முகத்தை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்தபடிதான் கார் வரைக்கும் வந்தார்.

ரிப்போர்ட் வந்ததும் "ஓக்கே" என்ற ஒரு சொல்லோடு எழுந்து வராதீர்கள். வலது கண் எந்த நிலை, இடது கண் எந்த நிலை, நடுப்பகுதியில் வீக்கம் உண்டா, அடுத்த படம் எப்போது, இந்த நாலையும் கேட்டு அந்தக் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றும் இல்லையென்றாலும் வருடா வருடம் போவதே நல்லது. இடையில் திடீரென்று கண் முன்னே கறுப்புப் பூச்சி பறப்பதுபோல, சிலந்தி வலை தொங்குவதுபோல, ஒரு பக்கம் திரை இழுத்ததுபோலத் தெரிந்தால் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் தேதியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே கண் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அந்தப் புத்தகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு.