லீவு நாளில் மதுரைக்காரர்களே மதுரையைப் பாருங்கள்

ஒருநாள் லீவு கிடைத்தால் கொடைக்கானலுக்கு ஓட வேண்டியதில்லை. காலை வெயில் ஏறுவதற்குள் கீழக்குயில்குடி போய்விடுங்கள். தாமரைக் குளம், அய்யனார் கோயில், பின்னால் சமணர் மலை. படியேறினால் பேச்சிப்பள்ளம், தலைக்குமேல் பாம்பு படம் விரிக்க நிற்கும் பார்சுவநாதரும் மற்ற தீர்த்தங்கரர்களும் (சமணர்கள் வணங்கும் ஞானிகள்) பாறையில் வரிசையாக இருக்கிறார்கள். சிற்பங்களுக்குக் கீழே உற்றுப் பாருங்கள், ஆயிரம் ஆண்டு தாண்டிய வட்டெழுத்து, அதாவது பழைய தமிழ் எழுத்து, தெரியும். சாய்வெயிலில்தான் வரிகள் எடுப்பாகத் தெரியும், அதனால்தான் காலையிலேயே போகச் சொல்கிறேன். தயவுசெய்து பாறையில் யாரும் பெயர் கிறுக்காதீர்கள். பார்க்கவே மனசு வலிக்கிறது.

தண்ணீர் பாட்டில் அவசியம். பத்து மணிக்குமேல் பாறை சுடும், இறங்கிவிடுங்கள்.

மதியம் மீனாட்சியம்மன் கோயில் நடை சாத்தியிருக்கும். அந்த நேரத்துக்குத் தோதானது காந்தி மியூசியம். ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனை அது. காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். மியூசியங்களுக்கு வார விடுமுறை உண்டு, கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளில் நடந்தே சுற்றலாம். வண்டியை வெளியிலேயே நிறுத்திவிடுங்கள், உள்ளே பார்க்கிங் கிடைப்பது கஷ்டம்.