தாராக்கால் செருப்புக்கு எந்தப் பெட்டி? திருகோணமலையில் சுழியோடப் போகிறவர்களுக்கு

ஊருக்குப் போக இரண்டு கிழமை இருக்கும்போதே எங்கள் வீட்டுக் ஹோலில் பெட்டிகள் வாய் பிளந்து கிடக்கும். சித்திக்குச் சொக்லேட், மாமாவுக்கு மூட்டுவலிக் களிம்பு, பெறாமக்களுக்குச் சப்பாத்து. அதற்கு நடுவே நான், சுழியோடும்போது காலில் மாட்டுகிற என் பின்ஸ் இரண்டையும் கொண்டுவந்து வைத்தபோது மனைவி கேட்டாள்: “இந்தத் தாராக்கால் செருப்புக்கும் ஒரு பெட்டியோ?”

கேள்வி நியாயமானதுதான். இருக்கிற ஸ்கூபா சாமானை எல்லாம் அள்ளிப் போட்டால் ஒரு பெட்டியின் 23 கிலோ அதிலேயே முடிந்துவிடும். சித்தியின் சொக்லேட்டுக்கு இடம் இராது. ஆகவே எந்தப் பை வாங்குவது என்று கடைக்கு ஓடுவதற்கு முன்பு, எதை வீட்டில் விட்டுப் போவது என்று பாருங்கள்.

எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம், பள்ளி விடுமுறை வருகிற ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் திருகோணமலைக் கடலும் அடங்கிக் கிடக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக நிலாவெளிக்கு வந்து, கரைக்கு எதிரே இருக்கிற புறாத்தீவிலும் கோணேசர் கோயில் நிற்கிற சுவாமிமலை அடியிலும் மூன்று நாள் சுழியோடலாம். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பழைய கோணேசர் கோயிலின் தூண்களைக் கண்டது அந்த மலையடிக் கடலில்தான். டிசம்பரில் போகிறவர்கள் கிழக்கை மறந்துவிட்டு மேற்குக் கரையைப் பாருங்கள்.

அந்தக் கடலின் சூடு 27 முதல் 30 பாகை வரை. ரொறன்ரோவில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் ஒன்ராறியோவில் உள்ள ரோபர்மொரியின் குளிர் ஏரித் தண்ணீரில் பழகியவர்கள். ஏழு மில்லிமீற்றர் தடிப்புள்ள வெட்சூட் என்ற ரப்பர் உடுப்பு, தலைமூடி, தடித்த கையுறை எல்லாம் அலுமாரியிலேயே இருக்கட்டும். மூன்று மில்லிமீற்றர் சூட் ஒன்று தாராளம், சிலருக்கு நீளக்கை நீச்சல் சட்டையே போதும். மெல்லிய சூட்டுக்கு, தண்ணீரில் அமிழக் கட்டுகிற இடுப்பு ஈயமும் குறைவாகத்தான் தேவைப்படும், ஆனால் ஈயத்தை நீங்கள் காவப் போவதில்லை. ஈயக்கட்டியும் சிலிண்டரும் சுழியோடி நிலையத்தில் தருவார்கள். அவர்களுடைய சிலிண்டர் வால்வு யோக் வகையா, டி.ஐ.என் வகையா (பூட்டுகிற விதம் வேறு) என்று போகமுன் ஒரு செய்தி போட்டுக் கேளுங்கள். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற ரெகுலேற்றர் உங்களுடையது டி.ஐ.என் வகை என்றால் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு யோக் அடாப்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் கரையில் நின்று கையைப் பிசைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இனிப் பை. முகத்திலும் வாயிலும் படுகிறவை என்னோடு விமானத்துக்குள்ளே வரும், மற்றவை கீழே போகும். இந்தப் புத்தி அடிபட்டு வந்தது. முதல் பயணத்தில் ரெகுலேற்றரையும் மாஸ்க்கையும் பெரிய பெட்டிக்குள் வைத்தேன். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டு, நாங்கள் வந்து இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது. அந்த இரண்டு நாளும் வாடகை மாஸ்க்குக்குள் உப்புத்தண்ணீர் ஏற ஏற, மூக்கால் ஊதி ஊதியே மீன் பார்த்தேன். பின்ஸும், காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்கிற ஜாக்கெட்டும் வாடகைக்கு எடுத்தால் ஒன்றும் குடிமுழுகாது. மாஸ்க் மட்டும் முகத்துக்கு முகம் வேறு.

ரெகுலேற்றர் குழாய்களோடு மூன்று கிலோவுக்குள் வரும். குழாய்களை மடிக்காமல், பெரிய வட்டமாகச் சுற்றி, சிலிண்டரில் பூட்டுகிற முதல்கட்டத்தை ஒரு சாரத்தில் பொதிந்து வையுங்கள். சாரம் எப்படியும் ஊரில் தேவைப்படும். மாஸ்க்கை அதன் பிளாஸ்ரிக் பெட்டியிலேயே வையுங்கள். ஆழமும் நேரமும் காட்டுகிற டைவ் கொம்பியூட்டர், டோர்ச், அதன் உதிரி பற்றரிகள் எல்லாம் கைப்பையில்தான். உதிரி லிதியம் பற்றரியும் பவர் பாங்கும் கீழே போகும் பெட்டிக்குள் இருக்கவே கூடாது. 100 வாட்-மணிக்கு மேற்பட்ட பற்றரி என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். சக்திவாய்ந்த டோர்ச்சிலிருந்து பற்றரியைக் கழற்றி முனையில் நாடா ஒட்டிவிடுங்கள், டோர்ச் பைக்குள் தானாக ஒளிரத் தொடங்கினால் அடுப்பு மாதிரிச் சுடும். கத்தி, நூல் அறுக்கும் கருவி இரண்டும் கீழே. பாதுகாப்புச் சோதனையில் ரெகுலேற்றரை எடுத்துக்காட்டச் சொல்லலாம். பையின் மேல்பக்கத்தில் இருந்தால் நல்லது. பல விமானங்களில் கைப்பைக்கு ஏழு கிலோதான் என்பதையும் மறக்கவேண்டாம். வெறும் பையே மூன்று கிலோ இருந்தால் கணக்கு உதைக்கும், ஆகவே சாதாரண முதுகுப்பை போதும்.

பெரிய பைக்கு வருவோம். கடையில் பார்த்தால் வழவழவென்ற நாலு சில்லுச் சூட்கேஸ் கண்ணைப் பறிக்கும். விமான நிலையத் தரையில் அது விரல் நுனியில் ஓடும், நிலாவெளி மணலில் ஓர் அடி நகராது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வான் வண்டிக்குள் ஏற்றும்போது அதன் விறைத்த ஓடு எந்த இடுக்குக்குள்ளும் போகாது. என் தெரிவு, இரண்டு பெரிய சில்லுள்ள துணிப்பை. மடங்கும், நெரியும், சீற்றுக்குக் கீழே போகும். நீளத்துக்குப் பின்ஸ்தான் அளவுகோல். குதிகாலில் பட்டி போடுகிற சாதாரண பின்ஸ் 60 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். கடைக்குப் போகும்போது அவற்றைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. சுழியோடிகளுக்கென்றே விற்கும் சில நீளப் பைகள் இதைத் தாண்டிவிடும்.

அப்படியான பைகளில் எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. வெளியே பெரிய எழுத்தில் டைவ் கொம்பனிப் பெயர் இருக்கும். உள்ளே விலை கூடிய சாமான் இருக்கிறது என்று நாமே ஊருக்குப் பறை அடிக்க வேண்டுமா? மங்கிய நிறப் பை, கைபிடியில் ஒரு சிவப்பு நாடா, அவ்வளவுதான். சிப்பைக் கவனியுங்கள். உலோகப் பல் சிப் உப்புக் காற்றில் பூத்துப்போகும். பிளாஸ்ரிக் பல் இருக்கிறதைப் பார்த்து வாங்கி, மெழுகுதிரியால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.

அடுக்குகிற விதம்: பின்ஸ் இரண்டும் பையின் இரு சுவர். நடுவில் காற்றைப் பிழிந்து மடித்த ஜாக்கெட், அதற்குள் சின்னச் சாமான்கள், மேலே சுருட்டிய சூட். ஜாக்கெட் மூன்றரை, பின்ஸும் சப்பாத்தும் மூன்று, சூட் ஒன்றரை, பை இரண்டரை என்று போட்டால் பத்துச் சொச்சம் கிலோ. மீதிப் பன்னிரண்டு கிலோவுக்குச் சித்தியின் சொக்லேட் வந்துவிடும். இரண்டு பெட்டி அனுமதி இருந்தால் சாமானை ஒன்றிலேயே குவிக்காமல் இரண்டிலும் பிரித்து வையுங்கள், ஒன்று காணாமற்போனாலும் முழுதாக மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். சென்னை வழியாகப் பலாலிக்குப் போகிறவர்கள் அந்தச் சின்ன விமானத்தின் பயணச்சீட்டில் எத்தனை கிலோ என்று தனியாகப் பார்க்கவேண்டும். கனடாவில் இருந்து போகிறவர்கள் விலை கூடிய கருவிகளைப் புறப்படமுன் சுங்கத்தில் காட்டிப் பதிந்துகொள்ளலாம், திரும்பி வரும்போது புதிதாக வாங்கியதோ என்ற கேள்வி வராது.

ஒரு வலைப்பையும் சுருட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகிற பைபர் படகில் பெட்டிக்கு இடமில்லை. வலைப்பையோடு ஏறினால் தண்ணீர் தானாக வடிந்துவிடும்.

திரும்பி வரும்போதுதான் உண்மையான சிக்கல். தண்ணீர் குடித்த சூட் போனதைவிடக் கனமாகத் திரும்பும். பல நாள் தொடர்ந்து சுழியோடினால், உடம்பில் கரைந்த நைதரசன் வெளியேற, விமானம் ஏறமுன் குறைந்தது 18 மணித்தியாலம் விடச் சொல்கிறார்கள். நான் ஒரு முழு நாள் விடுகிறேன். அந்த நாளில் மலைநாடு பார்க்கலாம் என்று நுவரெலியாவுக்கு வான் பிடிக்காதீர்கள், அது 1,868 மீற்றர் உயரம், உடம்புக்கு விமானம் ஏறியதற்குச் சமம். சொந்தக்காரர் வீட்டுக்குப் போங்கள். சித்தி வீட்டுக் கிணற்றடியில் வாளி வாளியாக நல்ல தண்ணீர் அள்ளி ஊற்றிக் கழுவி, மாமர நிழலில் கொடியில் போட்டேன். வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும். மைம்மலில் வேலிக்கு அப்பால் வந்த பக்கத்து வீட்டு ஆச்சி, தலையில்லாமல் தொங்கும் கறுப்பு மனிதனைக் கண்டு “ஐயோ முருகா” என்றது இன்றும் குடும்பத்தில் பேச்சு.

கரையில் பொறுக்கிய முருகைக்கல்லையும் சங்கையும் பைக்குள் போடவேண்டாம். முருகைக்கல் சட்டப்படி தடை, புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. கட்டுநாயக்காவில் புறப்பாட்டு வாசலிலேயே பைகளை ஸ்கான் செய்வார்கள்.

காலியான இடத்தில் ஒடியல், பனங்கட்டி, கருவாடு, மிளகாய்த்தூள் என்று எப்படியும் ஏறும். தூளை மட்டும் சூட் இருக்கிற பையில் வைக்காதீர்கள், இரண்டு பொலித்தீன் போட்டுக் கட்டினாலும்கூட. நான் வைத்தேன். ஒரு மூலை பிரிந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் ரோபர்மொரியில், குளிருக்கு அந்த மெல்லிய சூட்டைத் தடித்த சூட்டுக்கு உள்ளே போட்டுக்கொண்டு இறங்கியபோது, ஐஸ் தண்ணீருக்கு நடுவே கழுத்து மட்டும் பற்றி எரிந்தது.