மேலுக்கு முடியலை: தீராத அசதிக்குக் காரணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் அசதி என்றால் முதல் வைத்தியம் ட்ரிப்ஸ்தான். நடவு முடிந்த வாரம் சின்ன க்ளினிக்குகளில் பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். "மேலுக்கு முடியலைங்க, ஒரு பாட்டில் போட்டு விடுங்க." போட்டு விடுகிறார்கள். ரெண்டு நாள் தெம்பாக இருக்கிறது. அப்புறம் பழைய கதைதான்.

அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அதற்கு ஒரு டம்ளர் பானகம் போதும். அப்படியானால் அந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது? சில இடங்களில் பாட்டிலோடு சேர்த்துப் போடும் ஊசியில் டெக்ஸாமெத்தசோன் இருக்கும். அது ஸ்டீராய்டு. வலி, வீக்கம், சோர்வு எல்லாவற்றையும் கொஞ்ச நாளைக்கு மூடி வைக்கும். என்ன ஊசி போட்டார்கள் என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்காமல் வருவதுதான் முதல் தவறு.

மாதக்கணக்கில் விடாத அசதிக்குக் காரணம் தெரியாமல் போவதற்குப் பாதிக் காரணம், நாம் மருத்துவரிடம் சொல்லாமல் விடுவதுதான் என்பது என் எண்ணம். என் பெரியம்மா விஷயத்தில் அப்படித்தான் ஆயிற்று.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் கிராமம். முட்டி வலிக்காக, ஊருக்கு வந்துபோகும் ஒருவரிடம் பொடி வாங்கிச் சாப்பிட்டார். பேப்பரில் மடித்த பழுப்பு நிறப் பொடி, வேளைக்கு ஒரு சிட்டிகை. நாலாவது நாளே மாடிப்படி ஏறினார். ரெண்டு வருஷத்தில் முகம் உருண்டு பூரித்துவிட்டது. "நல்லா வாளிப்பா ஆயிட்டியே" என்று ஊரே சொன்னது. கையில் லேசாக இடித்தாலும் ஊதா நிறத்தில் கன்றிப்போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு பொடிக்காரர் வருவது நின்றது. மூன்றே வாரத்தில் பெரியம்மாவால் எழுந்து வாசல் தெளிக்க முடியவில்லை. குமட்டல், சாப்பாடு பிடிக்கவில்லை, கட்டிலை விட்டு எழுந்தால் கண்ணைக் கட்டுகிறது. மூன்று மருத்துவர்களைப் பார்த்தோம். ஒருவரிடமும் பொடியைப் பற்றிச் சொல்லவில்லை. "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்கள், பொடி மருந்துக் கணக்கில் வருமா என்ன? நாலாவது மருத்துவர், பெண்மணி, வேறு மாதிரி கேட்டார்: "முட்டி வலிக்கு என்னம்மா சாப்பிட்டீங்க?" அப்போதுதான் கதை வெளியே வந்தது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார்.

இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி மாதிரி உட்கார்ந்திருப்பவை அட்ரீனல் சுரப்பிகள். உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் கார்ட்டிசால், உப்பையும் பிபியையும் சரியாக வைக்கும் ஆல்டோஸ்டீரோன் இரண்டும் இங்கேதான் சுரக்கின்றன. கார்ட்டிசாலை விடச் சொல்லி மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி உத்தரவு அனுப்பும். கார்ட்டிசால் மாதிரியே வேலை செய்யும் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் அந்த உத்தரவு நின்றுவிடும். போர்த் தண்ணீர் எந்நேரமும் பாய்கிற வயலுக்கு யார் போய் மதகைத் திறப்பார்கள்? வருஷக்கணக்கில் திறக்காத மதகு துருப்பிடித்துவிடும். திடீரென்று போரை நிறுத்தினால் மதகைத் தூக்கவும் முடியாது, பயிருக்குத் தண்ணீரும் இருக்காது. வீசிங்குக்கும் தோல் அரிப்புக்கும் மருந்துக் கடையில் தாமாகவே பிரெட்னிசோலோன், பெட்டாமெத்தசோன் வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் பயந்து அன்றைக்கே நிறுத்துவது இன்னும் பெரிய தவறு. மூன்று நாலு வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சரி, இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வீடியோ பார்த்துவிட்டு "எனக்கு அட்ரீனல் ஃபட்டீக்" என்று தாமே முடிவு கட்டுவது. கவலையாலும் வேலைப் பளுவாலும் சுரப்பி களைத்துப் போகிறது என்ற இந்தப் பெயரை 1998-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் வில்சன் என்ற மாற்று மருத்துவர் பரப்பினார். 2016-ல் 58 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள், அப்படி ஒரு நோய் இருப்பதற்கு ஆதாரமில்லை என்று எழுதினார்கள். அசதி பொய் என்று அர்த்தமில்லை. அசதி நிஜம், பெயர்தான் தப்பு. அந்தப் பெயரில் விற்கும் டப்பாக்களை வாங்கினால் பணம் போவதோடு நிற்காது, உண்மைக் காரணத்தைத் தேடுவதும் நின்றுபோகும்.

சுரப்பியே கெட்டுப்போகும் நிஜ நோய் வேறு. 1855-ல் லண்டனில் தாமஸ் அடிசன் விவரித்ததால் அதற்கு அடிசன் நோய் என்று பெயர். அபூர்வமானது. மேல்நாடுகளில் இன்று உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதுதான் பெரும்பாலும் காரணம். நம் நாட்டில் காசநோயையும் மறக்கக் கூடாது. அசதியோடு எடை இறங்கும், பசி போகும், ஊறுகாயும் உப்புமாகவே கேட்கும், எழுந்து நின்றால் பிபி இறங்கும். இன்னொரு அடையாளம், தோல் கறுப்பது. இதைத்தான் நம் ஊரில் எல்லோரும் கோட்டை விடுகிறோம். "வயக்காட்டு வெயில்" என்று சொல்லிவிடுவோம். வெயில் புறங்கையைக் கறுப்பாக்கும். உள்ளங்கை ரேகைக்குள் இறங்காது. கையை விரித்து, ரேகைகளில் பேனா மை ஓடியதுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். ஈறு, விரல் முட்டி, பழைய தழும்பு இவற்றையும் பாருங்கள். நம்மில் பலருக்கு ஈறும் ரேகையும் இயல்பாகவே கொஞ்சம் கறுப்புதான். அதனால் புதிதாகக் கறுத்ததா என்பதுதான் கேள்வி. ரெண்டு மூன்று வருஷத்துக்கு முன் எடுத்த கல்யாண போட்டோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எப்போதோ காசநோய் வந்து குணமாகியிருந்தால் அதையும் சொல்லுங்கள். பெண் பார்க்கும் இடத்தில் மறைப்பதுபோல் மருத்துவரிடமும் மறைக்கிறோம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கார்ட்டிசாலை வேகமாகக் கரைக்கும். சுரப்பி ஏற்கெனவே பலவீனமாக இருந்தால், அந்த மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் ஆள் மோசமாகலாம்.

இன்னொன்று பிரசவக் கதை. பிள்ளை பெற்றபோது ரத்தம் ஏராளமாகப் போயிற்றா, ரத்தம் ஏற்றினார்களா, பால் சுரந்ததா, மாதவிலக்கு திரும்ப வந்ததா? பத்து இருபது வருஷம் கழித்து அசதி என்று வரும் பெண்ணிடம் இதை யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை. அந்த ரத்தப்போக்கில் பிட்யூட்டரி அடிபட்டால் அதற்கு ஷீஹன் சிண்ட்ரோம் என்று பெயர். உத்தரவு போடும் இடமே கெட்டுவிட்டதால் தைராய்டு, கார்ட்டிசால் இரண்டும் குறையும். இங்கே தோல் கறுக்காது, வெளிறும். தைராய்டுக்குப் பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவான டிஎஸ்எச் மட்டும் பார்த்தால் நார்மல் என்றே வரலாம். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4-ம் பார்க்க வேண்டும். கார்ட்டிசாலைக் கவனிக்காமல் தைராய்டு மாத்திரையை மட்டும் தொடங்கினால் ஆபத்து. மாத்திரை ஆரம்பித்த பிறகு தேறாமல் இன்னும் படுத்துக்கொண்டால், டோஸ் போதவில்லை என்று தாமே கூட்டாமல் உடனே போய்ச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், பெரும்பாலானவர்களின் அசதிக்குக் காரணம் அட்ரீனல் இல்லை. எடுத்த எடுப்பில் கார்ட்டிசால் டெஸ்ட்டுக்கு ஓடாமல் ஹீமோகுளோபின், சர்க்கரை, டிஎஸ்எச், சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே தொடங்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையைப் போட்டுவிட்டு, கையோடு ஒரு டபரா டிகிரி காபி குடித்தால் பாதிச் சத்து ஏறாது. கும்பகோணத்தில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், அவ்வளவுதான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பார்க்க வேண்டும். குறட்டை, தூக்கமின்மை, சொல்ல முடியாத துக்கம் இவையும் அசதியாகத்தான் முகம் காட்டும்.

கார்ட்டிசால் பார்க்கச் சொன்னால் காலை எட்டு மணிவாக்கில் ரத்தம் கொடுக்க வேண்டும். விடியலில் உச்சத்தில் இருந்து ராத்திரி வரை இறங்கிக்கொண்டே போகும் ஹார்மோன் அது. மத்தியானம் பஸ் பிடித்து டவுனுக்குப் போய் நாலு மணிக்குக் கொடுத்தால், குறைவாக வந்து வீண் பயம் பிடித்துக்கொள்ளும். காலை அளவு டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் பலத்த சந்தேகம்; 18-ஐத் தாண்டினால் அநேகமாகக் கவலையில்லை. நடுவில் வந்தால், பிட்யூட்டரி அனுப்பும் அந்த உத்தரவான ஏசிடிஎச்-ஐ ஊசியாகப் போட்டு, அரை மணி, ஒரு மணி கழித்து மறுபடி பார்ப்பார்கள். கருத்தடை மாத்திரை அளவை உயர்த்திக் காட்டும், ஸ்டீராய்டு குழப்பும், முடி வளர என்று சாப்பிடும் பயோட்டின் தைராய்டு ரிசல்ட்டையே புரட்டிவிடும். இருமலுக்கு என்று தினமும் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரமும் பிபியை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும். நாட்டு மருந்துதானே என்று விடாமல், வீட்டில் இருக்கும் டப்பா, பொட்டலம், தைலம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போய் மேஜையில் கொட்டிவிடுங்கள். வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அசதியோடு விடாத வாந்தி, வயிற்று வலி, நிற்க முடியாத மயக்கம், பேச்சில் குழப்பம் என்று வந்தால் டெஸ்ட், தேதி என்று காத்திருக்காமல் நேரே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி பெரிய இடத்துக்குப் போய்விடுங்கள். கார்ட்டிசால் அடியோடு போதாமல் போகும் இந்த அட்ரீனல் நெருக்கடிக்கு, கார்ட்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் சலைனும் உடனே தேவை. தாமதம் உயிரைக் கொண்டுபோகும்.

பெரியம்மா இப்போது காலையில் ஒரு ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையும் மத்தியானம் பாதியும் சாப்பிடுகிறார். காய்ச்சல் வந்தால் ரெண்டு மடங்கு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை லேமினேட் செய்து சுருக்குப் பையில் வெற்றிலையோடு வைத்திருக்கிறார். முட்டி வலி திரும்ப வந்துவிட்டது. போன மாதம் ஊருக்கு வேறொரு பொடிக்காரர் வந்தாராம். திண்ணையில் உட்காரவே விடவில்லையாம்.