நூலும் பிரஸ் பட்டனும்: 46 எப்படி 23 ஆகிறது, கையால் செய்து பாருங்கள்

உடல் செல்லில் 46 குரோமோசோம், விந்தணுவிலும் கருமுட்டையிலும் 23. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது மனப்பாடம். "பிரிவதற்கு முன் எல்லாம் இரட்டிக்குமே, அப்போது 92 தானே?" என்று கேட்டால்தான் தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்க ஒரு பிரஸ் பட்டன் போதும்.

சிவப்பு, நீல உல்லன் நூல் தலா 1 மீட்டர், பிரஸ் பட்டன் 6 ஜோடி, ஊசி, கத்தரி, சாக்பீஸ் வேண்டும். வேலூர் லாங்கு பஜாரில் எல்லாமே வாங்கிவிடலாம். குடியாத்தம் பக்கம் இருப்பவர்கள் தறியில் மிஞ்சிய லுங்கி நூலையே நாலைந்து இழை சேர்த்து முறுக்கிக்கொள்ளலாம்.

23 ஜோடியும் செய்ய வேண்டாம். மூன்று ஜோடி போதும். 1 செ.மீ. என்பது சுமார் 1 கோடி கார இணை (டிஎன்ஏ ஏணியின் படிகள்).

1. சிவப்பு தாயிடமிருந்து வந்தது, நீலம் தந்தையிடமிருந்து. முதல் குரோமோசோமுக்கு இரண்டு நிறத்திலும் 25 செ.மீ. துண்டு இரண்டிரண்டு. 21ஆவதற்கு 5 செ.மீ., அதேபோல் இரண்டிரண்டு. எக்ஸ் 16 செ.மீ., சிவப்பில் மட்டும் இரண்டு. ஒய் 6 செ.மீ., நீலத்தில் மட்டும் இரண்டு. மொத்தம் 12 துண்டு. இது இரட்டித்து முடித்த ஓர் ஆணின் செல், அதனால்தான் எல்லாம் இரண்டிரண்டு.

2. ஒரே நிறம், ஒரே நீளமுள்ள இரண்டு துண்டுகளில் ஒன்றுக்குப் பட்டனின் மேல்பாதி, மற்றதற்குக் கீழ்பாதி தைத்து அழுத்துங்கள். 25 செ.மீ. நூலில் பட்டன் நடுவில்; 21, ஒய் இரண்டிலும் ஓரத்தை ஒட்டி. இந்தப் பட்டன்தான் சென்ட்ரோமியர், அதாவது இரண்டு நகல்களும் ஒட்டியிருக்கும் இடம்.

இப்போது எண்ணுங்கள். நூல் 12, பட்டன் 6. குரோமோசோமைப் பட்டனை வைத்துத்தான் எண்ண வேண்டும். பிரிந்து கிடக்கும் பாதிப் பட்டனும் ஒன்று என்றே கணக்கு. நிஜத்திலும் இரட்டித்த செல்லில் குரோமாட்டிட் (இங்கே ஒவ்வொரு நூலும்) 92, குரோமோசோம் 46தான். எண்ணுவதே லேசான வேலை இல்லை: ஜியோ, லெவான் என்ற இரு விஞ்ஞானிகள் 1956இல் 46 என்று காட்டும்வரை பாடநூல்களில் 48 என்றே இருந்தது.

3. மைட்டாசிஸ் (உடல் செல் பிரியும் விதம்): தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, ஆறையும் நடுவே ஒரே வரிசையில் வையுங்கள். ஒவ்வொரு பட்டனையும் திறந்து ஒரு பாதியை இடப்பக்கம், மறுபாதியை வலப்பக்கம் இழுங்கள். இரு பக்கமும் ஆறு ஆறு. தோல் இப்படித்தான் 46ஐக் காப்பாற்றுகிறது.

4. மியாசிஸ் (விந்தணு, கருமுட்டை உண்டாக நடக்கும் பிரிவு): பட்டன்களைத் திரும்ப அழுத்திவிட்டு, சிவப்பு பக்கத்தில் அதே எண்ணுள்ள நீலத்தை வையுங்கள். எக்ஸும் ஒய்யும் நுனி மட்டும் தொடட்டும். 25 செ.மீ. ஜோடியில் ஒரு சிவப்பு, ஒரு நீல நூலின் கடைசி 5 செ.மீ. வெட்டி மாற்றி முடியுங்கள். இது குறுக்கே கலத்தல்.

இனி கவனம். முதல் பிரிவில் பட்டனைத் திறக்கவே கூடாது. ஜோடியில் ஒன்று இடம், ஒன்று வலம் என முழுதாகப் போக வேண்டும். பக்கத்துக்கு மூன்று பட்டன். எண்ணிக்கை பாதியாவது இங்கேதான்: 46 இந்த இடத்திலேயே 23 ஆகிவிடுகிறது. அவசரத்தில் பட்டனைத் திறந்துவிட்டால் நீங்கள் செய்தது மைட்டாசிஸ்.

எந்த நிறம் எந்தப் பக்கம் என்பதில் விதி கிடையாது. மூன்று ஜோடிக்கு 8 வகை. 23 ஜோடிக்கு 83,88,608.

5. இரண்டாம் பிரிவில் பட்டனைத் திறங்கள். நான்கு செல், ஒவ்வொன்றிலும் மூன்று பாதிப் பட்டன். 23 மறுபடி பாதியாகாது. நான்கும் விந்தணுவாகும், இரண்டில் எக்ஸ், இரண்டில் ஒய். கருமுட்டையில் மட்டும் ஒன்றுதான் பெரிதாகும். மற்றவை சிறு துருவ உறுப்புகளாக அழிந்துபோகும்.

6. கடைசியாக, வேண்டுமென்றே தவறு செய்யுங்கள். முதல் பிரிவில் இரண்டு 5 செ.மீ. குரோமோசோமையும் ஒரே பக்கம் இழுங்கள். ஒரு பக்கம் 4, மறுபக்கம் 2. நிஜத்தில் 24, 22. அந்த 24 மறுபாலின் 23ஓடு சேர்ந்தால் 47. டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது. 1959இல் பிரெஞ்சு மருத்துவர் லெஜூனின் குழுவினர் இந்த 47ஐ வெளியிட்டார்கள். பிசகு பெரும்பாலும் முட்டையில்தான். பெண் குழந்தை கருவில் இருக்கும்போதே மியாசிஸ் தொடங்கி, பாதியில் நின்று, பல ஆண்டுகள் கழித்து முட்டை வெளிவரும் சமயத்தில்தான் தொடர்கிறது. அத்தனை காலம் காத்திருப்பதில் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடிக்கும் புரதங்கள் தளர்ந்துபோகின்றன.